அம்மனின் திருமேனியே மண்குடம்!

பானையின் பாகங்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வாய், கழுத்து, வயிறு... எல்லாமே உடம்பின் பெயர்கள்! வரலட்சுமி நோன்பன்று கலசத்தில் அம்மன் முகம் பதித்து, பாவாடை கட்டி, நகை பூட்டி அழகு பார்க்கிறோமே, அதன் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. குடம் அம்பிகை அமரும் ஆசனம் அல்ல. அவளது திருமேனியே அதுதான்.

கும்பாபிஷேக யாகசாலையில் பார்த்திருப்பீர்கள். குடம் சரீரம், அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய நூல் நாடி நரம்புகள், உள்ளே இருக்கும் தீர்த்தம் ரத்தம், மாவிலை கேசம், தேங்காய் சிரசு என்று சிவாச்சாரியார்கள் விளக்குவார்கள்.

கிராமத்து அம்மன் கோயில்களிலும் இதே தத்துவம்தான். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது; இன்று வழியெங்கும் தொழிற்சாலைகள். ஆனாலும் ஆடி பிறந்தால் இந்தப் பக்கத்து ஊர்களில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். ஏரிக்கரையிலோ கிணற்றடியிலோ குடத்துக்கு மஞ்சள் பூசி, நீர் நிரப்பி, வேப்பிலையும் பூவுமாகக் கரகம் ஜோடிப்பார்கள். பூசாரி அதைத் தலையில் ஏந்தி வரும்போது, வாசலில் நிற்கும் பெண்கள் அவர் காலில் மஞ்சள் நீர் ஊற்றுவார்கள். அந்த மரியாதை சுமப்பவருக்கு அல்ல, வருகிறவளுக்கு!

கடல் கடந்த ஆப்பிரிக்காவிலும் இப்படியொரு வழிபாடு உண்டு. நைஜீரியாவின் யொருபா மக்கள் 'எரின்லே' என்ற நதி தெய்வத்துக்கு மண்கலம் வைத்து வணங்குகிறார்கள். உள்ளே ஆற்றுக் கூழாங்கற்களும் ஆற்று நீரும் இருக்கும். கிரீடம் போன்ற மூடியின்மேல் ஒரு பெண் உருவம்! வனைவதும் பெண்கள்தான், அதுவும் சக்கரம் இல்லாமல், கையாலேயே. ஓக்கே-ஓடான் என்ற ஊரின் அபத்தான் என்னும் பெண்மணி இந்தக் கலையில் பெரும்புகழ் பெற்றவர். 1969-ல் அவரைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளியானது.

நம் வீடுகளில் வெள்ளியும் பித்தளையும் கலசமாகிவிட்டன. தவறில்லை, பூஜைக்கு உகந்தவைதான். ஆனால், ஏரி மண்ணே உடம்பாகி, ஏரி நீரே ரத்தமாகும் பொருத்தம் மண்குடத்துக்கு மட்டுமே உண்டு. வாங்குவதற்கு நாம் இருந்தால்தானே குயவர் வீட்டுச் சக்கரமும் சுழலும்? ஏரிகளில் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் இலவசமாக மண் எடுக்க, தாசில்தார் அளவிலேயே அனுமதி பெறும் வசதி 2024-ல் வந்திருக்கிறது. மண் கிடைக்க வழி பிறந்துவிட்டது. குடம் கேட்டுப் போகிறவர்கள்தான் குறைவு.

இந்த வருட நோன்புக்கு ஒரு மண்குடம் வாங்கிப் பாருங்கள். சாயம் பூசாததாக இருக்கட்டும். விரலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் விரிசல் இருக்கலாம். முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்துங்கள். பிறகு மஞ்சள், குங்குமம் இட்டு, பச்சரிசி நிரப்பி, எலுமிச்சை, காதோலை கருகமணி, நாணயம் போட்டு வழக்கம்போல அலங்கரியுங்கள். மறுநாள் புனர்பூஜை முடிந்ததும் முகத்தை எடுத்து அரிசிப் பாத்திரத்தில் வையுங்கள். கலசத்து அரிசியில் வெள்ளிக்கிழமை பாயசம் செய்யலாம். குடத்தை அடுத்த வருடத்துக்குப் பத்திரப்படுத்த வேண்டியதில்லை. துளசிச் செடியின் அடியில் சேர்த்துவிடுங்கள்.