நெல் மூட்டைக்கு டிராக்டர் ஃபோர்க்: முன்னாலா, பின்னாலா?

மதுரைப் பகுதியில் பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான 45,041 ஏக்கர் இருபோகப் பாசனப் பரப்பில் ஜூன் மாதம் தண்ணீர் திறக்கும் ஆண்டுகளில், முதல் போக அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வந்து நிற்கும். களத்தில் அடுக்கிய 40 கிலோ மூட்டைகளை மழைக்கு முன் கொட்டகைக்குள் கொண்டுபோக வேண்டும். ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால், மூட்டைகளைப் பேலட்டில் அடுக்கி, டிராக்டரில் ஃபோர்க் மாட்டித் தூக்கலாம் என்ற எண்ணம் விவசாயிகளுக்கும் அரிசி ஆலைக்காரர்களுக்கும் வருகிறது. ஆனால் ஃபோர்க் வாங்கும்போது எத்தனை கிலோ தூக்கும் என்பதை மட்டுமே கேட்கிறோம். ஃபோர்க் பல்லின் நுனி ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியுமா, சொன்ன உயரத்தில் நிற்குமா என்று கேட்பதில்லை. மூட்டை கிழிவதும், பேலட் உடைவதும், தூண் இடிபடுவதும் பெரும்பாலும் எடையால் அல்ல, இந்தக் கேட்காத கேள்வியால்தான்.

முன்பக்க லோடரில் ஃபோர்க் மாட்டினால் எல்லாம் கண்முன்னே இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. கொஞ்சம் கணக்குப் போட்டால் அது கலைந்துவிடும். நடுத்தர டிராக்டர் ஒன்றில் ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், பானெட்டின் முன்முனை கண்ணிலிருந்து 1.8 மீட்டர் தள்ளி, 1.4 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பானெட்டைத் தொட்டுச் செல்லும் பார்வைக் கோடு மீட்டருக்கு 33 செ.மீ. வீதம் இறங்கும். ஃபோர்க்கின் பல் நுனி கண்ணிலிருந்து ஏறத்தாழ 3.9 மீட்டரில் இருக்கிறது. அந்த இடத்தில் கோடு தரைக்கு மேல் 70 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். பேலட்டின் வாயோ தரையை ஒட்டி, ஒரு சாண் உயரம்கூட இல்லாதது. நேர் எதிரே அது தெரியவே தெரியாது. ஓட்டுநர் பக்கவாட்டில் சாய்ந்து ஒரு பல்லை மட்டும் பார்ப்பார். சாய்ந்து பார்க்கும்போது கோணம் மாறுவதால், நேராக இருப்பது கோணலாகத் தோன்றும்.

பின்பக்க மும்முனை இணைப்பில் மாட்டும் ஃபோர்க்கில் கண்ணுக்கும் பல் நுனிக்கும் இடையே ஏறத்தாழ 2 மீட்டர்தான், நடுவில் பானெட்டும் இல்லை. கழுத்தைத் திருப்பி ஓட்ட வேண்டியிருப்பது குறைதான். ஒரு நாள் முழுக்க அப்படி ஓட்டுவது உடம்பைப் படுத்தும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் சுமையோடு பயணிக்கும்போது வழி முழுவதும் கண்முன்னே திறந்திருக்கும். முன்பக்க ஃபோர்க்கில் நான்கு அடுக்கு மூட்டை ஏற்றினால் வரப்பும் வாய்க்காலும் மறைந்துவிடும். சுமை பார்வையை மறைத்தால் பின்னோக்கி ஓட்டு என்பது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்களின் விதி. அதன்படி நடந்தால் முன்பக்க ஃபோர்க் ஓட்டுநரும் கழுத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

பார்வையைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. பின்பக்க ஹைட்ராலிக்கில் பொசிஷன் கண்ட்ரோல் இருக்கிறது. லிவரை ஓர் இடத்தில் வைத்தால் இணைப்பு அதற்குரிய உயரத்தில் போய் நிற்கும், அடுத்த முறையும் அதே உயரத்துக்கே வரும். டி. கல்லுப்பட்டியில் டாஃபே நிறுவனத்துக்கு டிராக்டர் ஆலை இருக்கும் மதுரை மாவட்டத்தில் இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கலப்பை ஓட்டும் எவருக்கும் இந்த லிவர் பழக்கம். பேலட்டின் வாய்க்கு நேரான உயரத்தில் லிவர் பட்டையில் ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிட்டால், பார்க்காமலே உயரம் சரியாக வரும். முன்பக்க லோடரின் சாதாரண வால்வுக்கு இந்த நினைவு கிடையாது. லிவரைப் பிடித்திருக்கும் வரை ஏறும், விட்டால் நிற்கும். ஒவ்வொரு முறையும் கண்ணால்தான் உயரம் பிடிக்க வேண்டும், அந்தக் கண்ணுக்குத்தான் நுனி தெரியாது. மலிவான லோடர்களில் கை உயர உயரப் பல்லின் சாய்வும் மாறிக்கொண்டே போகும்.

அப்படியானால் பின்பக்கமே போதுமா? போதாது. பின்பக்க இணைப்பு 60, 70 செ.மீ. அளவுக்கே தூக்கும் என்பதால் டிரெய்லரிலோ லாரியிலோ ஏற்ற உதவாது. எடையிலும் எச்சரிக்கை வேண்டும். 20 மூட்டை என்றால் 800 கிலோ. அதன் மையம் பின் அச்சிலிருந்து 1.5 மீட்டர் தள்ளியிருந்து, சக்கரங்களுக்கு இடையே 2 மீட்டர் இருந்தால், முன்சக்கரத்தின் மேலுள்ள பாரத்தில் 600 கிலோ குறைந்துவிடும். 2 டன் டிராக்டரின் முன்பகுதியில் இருப்பதே ஏறத்தாழ 800 கிலோதான். ஸ்டியரிங் பிடிக்காது, மேட்டில் முன்பக்கம் தூக்கும். 12 மூட்டையோடு நிறுத்தி, முன்னால் எடைக்கட்டிகளை மாட்டுவதே சரி. முன்பக்க லோடரில் இதுவே தலைகீழ்: பின்னால் பாரம் கட்ட வேண்டும், முன் அச்சு அதிகம் உழைக்கும்.

மூன்றாவது வழியாகச் சொல்லப்படுவது வாடகை ஃபோர்க்லிஃப்ட். கான்கிரீட் தளம் போட்ட ஆலைக்குள்ளும், கப்பலூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களிலும் அதற்கு இணை இல்லை. சுமையை ஏற்றி இறக்குவதற்கென்றே செய்த வண்டி அது, பல்லும் கண்ணுக்கு அருகில் இருக்கிறது. ஆனால் அதன் சிறிய கெட்டிச் சக்கரங்கள் திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் ஒரு தூறலுக்கே புதைந்துவிடும். களத்து வேலைக்கு அது ஆகாது.

எதைத் தேர்ந்தாலும், தெரியாததைத் தெரியும் ஒன்றின் மூலம் அறியச் செய்யும் சில ஏற்பாடுகள் தேவை, அவற்றுக்குச் செலவும் அதிகமில்லை. பல் நுனியில் ஒரு சாண் அளவுக்கு வெள்ளையோ மஞ்சளோ அடியுங்கள். பல் 1,200 மி.மீ., பேலட்டின் ஆழம் 1,000 மி.மீ. என்றால், நுனியிலிருந்து 1,000 மி.மீ. அளந்து இன்னொரு கோடு போடுங்கள். அந்தக் கோடு பேலட்டின் முகத்தைத் தொட்டதும் நிறுத்தினால் பல் மறுபக்கம் நீண்டு அடுத்த அடுக்கின் மூட்டையைக் குத்தாது. முன்பக்க ஃபோர்க்கானால், அதன் சட்டத்தில் பானெட்டுக்கு மேல் தெரியும்படி இரண்டு மெல்லிய கம்பிகளை நிறுத்தினால், பல் இருக்கும் இடமும் உயரமும் புலப்படும். சாய்வை அறிய, சிலிண்டருக்கு இணையாகத் தனிக் கம்பி ஒன்றைக் கட்டி அதில் குறியிடலாம். சிலிண்டரின் பளபளப்பான தண்டில் மட்டும் பெயிண்ட் அடிக்கக் கூடாது, சீல் கெட்டு எண்ணெய் ஒழுகும். பின்பக்க ஃபோர்க்கில் லோயர் லிங்க்கின் பக்கச் செயின்களை இறுக்குங்கள். அவை தளர்ந்திருந்தால் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பல் இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கும். பல் மட்டமாக நிற்க டாப் லிங்க்கைத் திருகி வையுங்கள்.

இவ்வளவு எதற்கு, ஒரு கேமரா போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கொட்டகைக்குள்ளும் இரவிலும், கண்ணுக்கு மேலான உயரத்தில் அடுக்கும்போதும் கேமரா உண்மையிலேயே உதவும். ஆனால் நம் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கேபின் கிடையாது. மதுரை வெயிலில் திரை வெளுத்துவிடும், நெல் தூசு லென்ஸை அரைமணியில் மூடும். தட்டைத் திரையில் தூரமும் சரியாகப் பிடிபடாது. கோடுகளுக்குப் பிறகு வாங்கலாம், கோடுகளுக்குப் பதிலாக வேண்டாம். அனுபவமுள்ள ஓட்டுநருக்குக் குறியே தேவையில்லை என்ற வாதமும் முழு உண்மையல்ல. அவர் கை ஒரு டிராக்டருக்குப் பழகியது. வண்டியோ பேலட்டோ மாறினால், அந்திக்கருக்கலில் அவசரமாக வேலை நடந்தால், அவருக்கும் குறி வேண்டும்.

களத்திலிருந்து கொட்டகைக்குத் தரையோடு கொண்டுபோவதே முக்கிய வேலை என்றால் பின்பக்க ஃபோர்க்கை வாங்குங்கள். லாரியில் ஏற்றுவது அன்றாட வேலையென்றால் மட்டும் முன்பக்க லோடருக்குச் செலவிடுங்கள், அதிலும் கை உயர்ந்தாலும் பல் மட்டமாக நிற்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். வழிகாட்ட ஓர் ஆளை நிறுத்துவதானால், ஓட்டுநர் கண்ணில் படும்படி பக்கவாட்டில், சுமையிலிருந்து விலகி நிறுத்துங்கள். ஃபோர்க்குக்கும் சுவருக்கும் நடுவில் யாரையும் நிற்க விடாதீர்கள்.