மருந்தை வெல்லும் மலேரியாக் கிருமி

நெடுநாள் பயன் தந்த மருந்தொன்று பின்னர்ப் பயனற்றுப் போகுமாயின், "அது உடம்புக்குப் பழகிவிட்டது" என்று நம்மவர் கூறுவது வழக்கம். மலேரியாச் சுரத்தைப் பொறுத்தமட்டில் இக்கூற்றுப் பொருந்தாது. அம்மருந்தை அதற்கு முன் ஒருநாளும் உண்டறியாத பச்சிளங் குழந்தைக்கும் அது பலியாமற் போவதுண்டு. ஆதலின் மாறியது உடம்பன்று. உடம்பினுட் புகுந்த கிருமியே என்பது தெளிவு. அறிவும் மனமும் இல்லாத ஓரணு உயிர், வல்லுநர் பலர் பல்லாண்டு முயன்று கண்ட மருந்தை வெல்வது எங்ஙனம்? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். இது வெறும் பொழுதுபோக்கான ஆராய்ச்சியன்று. 2023ஆம் ஆண்டில் ஏறக்குறைய 6 லட்சம் மக்கள் இந்நோயால் மாண்டனர் என்றும், அவருட் பெரும்பாலார் ஆப்பிரிக்காவிலுள்ள ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

மலேரியாக் கிருமியை மனித இரத்தத்தில் 1880ஆம் ஆண்டில் முதன்முதற் கண்டவர் லவரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர். அது கொசுவின் உடலில் வளர்வதை 1897ஆம் ஆண்டில் சிக்கந்தராபாத்தில் கண்டவர் ரொனால்டு ராஸ். இக்கிருமிகளுட் கொடியது பால்சிபாரம் என்னும் வகை. அனாபிலிஸ் கொசு கடிக்குங்கால் உட்புகும் இக்கிருமி, முதலிற் கல்லீரலில் தங்கிப் பெருகி, பின்பு இரத்தத்தின் சிவப்பணுக்களைப் பற்றும். ஓரணுவிற் புகுந்த ஒரு கிருமி, ஏறத்தாழ 48 மணி நேரத்தில் இருபதளவான கிருமிகளாகப் பிரிந்து வெளிப்பட்டு, வேறு அணுக்களைத் தாக்கும். இவ்வாறு பெருகிக் கடுஞ்சுரங் கண்டவரின் உடலில் ஒரு லட்சம் கோடி வரையிற் கிருமிகள் இருத்தல் கூடும். இத்தொகையை நாம் நினைவில் நிறுத்தல் வேண்டும்.

ஒவ்வொரு கிருமியும் பிரியும்போது, தன் பரம்பரைக் குறிப்பைப் படியெடுத்துத் தன் சந்ததிக்கு அளிக்கின்றது. கோடிக்கணக்கான ஏடுகளைப் படியெடுப்பவன் எத்துணைக் கவனமுடையவனாயினும் எங்கேனும் ஓரெழுத்துப் பிழைபடாதிராது. அங்ஙனமே இங்கும் திரிபுகள் நேர்கின்றன. அவற்றுட் பல கேடு விளைப்பன. சில நன்மையுமின்றித் தீமையுமின்றிக் கழிவன. மிக அரிதாக ஒரு திரிபு, மருந்தினின்று தப்பும் வல்லமையைத் தருகின்றது. அத்திரிபு மருந்தைக் கண்டு தோன்றியதன்று. மருந்து வருமுன்னரே தற்செயலாய்த் தோன்றியிருத்தலும் உண்டு. மருந்து செய்வது யாதெனில், ஏனைய கிருமிகளைக் கொன்று இதற்கு இடம் ஒழித்துக் கொடுப்பதேயாம்.

வயலிற் களை பறிப்பாரைப் பார்மின்கள். வேறுபட்டுத் தோன்றும் களை உடனே கண்ணிற்பட்டுக் களையப்படும். நெற்பயிரைப் போலவே தோன்றும் புல்லோ கைக்குத் தப்பி நின்று விதை சிந்தும். ஆண்டு பல கழிந்தபின் அவ்வயலில் எஞ்சுவது நெல்லைப் போன்ற களையே. அப்புல்லுக்கு உழவனை ஏமாற்றும் எண்ணம் உண்டென்று யாரும் சொல்லார். பறித்த கையே அதனைத் தேர்ந்து வளர்த்தது. மருந்துக்கும் மலேரியாக் கிருமிக்கும் உள்ள தொடர்பு இத்தகையதே.

இனிக் குளோரோக்குவின் என்னும் மருந்தின் வரலாற்றை நோக்குவோம். 1934ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஆக்கப்பெற்ற இம்மருந்து, இரண்டாம் உலகப் போருக்குப்பின் எங்கும் பரவியது. நீலகிரியிலும் பிற இடங்களிலும் வளர்த்த சிங்கோனா மரப்பட்டையினின்று எடுத்த கொயினாவே அதுகாறும் சுரத்திற்குப் பெருந்துணையாய் இருந்தது. புதிய மருந்து அதனினும் மலிவானது. கசப்பாயினும் தொல்லை குறைந்தது. அது வேலை செய்யும் முறையும் வியக்கத்தக்கது. கிருமி சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினைத் தன் உணவுப்பையில் இட்டுச் செரிக்கும்போது, ஹீம் என்னும் நச்சுப்பொருள் மிஞ்சுகின்றது. கிருமி அதனைத் தீங்கற்ற படிகமாக்கி ஒதுக்கிவிடும். குளோரோக்குவின் அப்பையினுட் சென்று படிகமாவதைத் தடுக்கின்றது. புகைபோக்கி அடைபட்ட அடுக்களையில் அகப்பட்டவன்போலக் கிருமி தன் கழிவாலேயே மாள்கின்றது.

மருந்தை வென்ற கிருமியில் நேர்ந்த மாறுதல் 2000ஆம் ஆண்டில் விளக்கமாயிற்று. உணவுப்பையின் சுவரில் வாயில்போல் அமைந்த புரதமொன்று உண்டு. அப்புரதத்தின் 76ஆம் இடத்திலுள்ள அமிலம் மாறுபட்டு, அதனோடு வேறு சில இடங்களும் மாறுமாயின், அவ்வாயில் வழியே குளோரோக்குவின் வெளியேறிவிடும். உள்ளே தங்காத மருந்து என் செய்யும்? இத்துணை மாறுதல்கள் ஒருங்கே அமைதல் அரிது. ஆகவே இவ்வல்லமை உலகில் மிகச் சில இடங்களிலேயே தோன்றியது.

அவற்றுள் ஒன்று தாய்லாந்து கம்போடிய எல்லை. 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அங்கு இம்மருந்து தவறத் தொடங்கிற்று. அவ்வெல்லையருகிலுள்ள பைலின் என்னும் ஊரில் இரத்தினக்கல் தோண்டும் பொருட்டுப் பல இடங்களினின்றும் கூலியாட்கள் வந்து குவிந்தனர். நோயை முன் அறியாத அவருடலிற் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இல்லை. அப்பகுதியில் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் உணவு உப்பிலேயே மருந்தைக் கலந்து வழங்கினர். நோக்கம் நல்லதே, ஆயினும் பலருடைய இரத்தத்தில் கிருமியைக் கொல்லப் போதாத அளவில் மருந்து ஓயாது நின்றது. வலிய கிருமி தேர்ந்தெடுக்கப்படுதற்கு இதனினும் ஏற்ற நிலம் வேறு யாது? ஆசியாவில் தோன்றிய இக்கிருமியின் வழித்தோன்றல்கள் 1978ஆம் ஆண்டளவிற் கிழக்கு ஆப்பிரிக்காவை அடைந்து, அடுத்த பத்தாண்டுகளில் அக்கண்டமெங்கும் பரவின. மலிவான மாத்திரையை நம்பியிருந்த தாய்மார் அதனைத் தவறாது கொடுத்தும் தம் குழந்தைகளை இழந்தனர்.

மருந்தை உரிய அளவில் உண்ணாமை, சுரம் தணிந்தவுடன் நிறுத்திவிடுதல், சாரமற்ற போலி மாத்திரைகள் விற்கப்படுதல் ஆகியவை இக்கேட்டை வளர்ப்பன. அரைகுறை மருந்து மெலிந்த கிருமிகளை மாய்த்து வலியவற்றை விட்டுவைக்கின்றது. நோயாளி நலமடைந்ததாக எண்ணியிருப்பார். அவரைக் கடித்த கொசுவோ எஞ்சிய கிருமியை அயல்வீட்டுக்குக் கொண்டு செல்லும்.

ஆயினும் மனந்தளர வேண்டுவதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி நாடு, 1993ஆம் ஆண்டில் குளோரோக்குவினை அறவே விலக்கி வேறு மருந்தைக் கைக்கொண்டது. மருந்தை வெளியேற்றும் வாயிலுடைய கிருமி, மருந்தில்லாத காலத்தில் உணவைச் செவ்வனே செரிக்கமாட்டாது பின்தங்கியது. பழைய கிருமியே பெருகியது. 2006ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றில், அந்நாட்டின் பிளான்டயர் நகரில் குளோரோக்குவின் பெற்ற 80 குழந்தைகளுள் ஒருவருக்கே அது தவறியது. அதற்கு மாற்றாக வந்த மருந்தோ 87 குழந்தைகளுள் 71 பேருக்குத் தவறியது! எல்லா நாடுகளிலும் இங்ஙனம் நிகழ்ந்திலது. எனினும் களை பறிக்கும் கை நின்றால் வயலின் இயல்பு திரும்பக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

மற்றோர் உபாயம் இரு மருந்துகளைச் சேர்த்தளித்தல். ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி பத்துக்கோடியில் ஒன்றென்று வைத்துக்கொள்வோம். வேறு வழியில் வேலை செய்யும் இரண்டாம் மருந்துக்குத் தப்புவதும் அவ்வளவே எனின், இரண்டுக்கும் ஒருங்கே தப்புவது நூறு கோடி கோடியில் ஒன்றாம். ஓருடலில் அத்தனை கிருமிகள் இரா. சீன நாட்டின் தூ யூயூ அம்மையார் 1970ஆம் ஆண்டுகளில் ஒரு மூலிகையினின்று வெளிப்படுத்தியதும், 2015ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசை ஈட்டித் தந்ததுமான ஆர்ட்டிமிசினின் என்னும் மருந்தை, இக்காரணம் பற்றியே வேறொரு மருந்தோடு கூட்டி வழங்குகின்றனர். எனினும் அதற்கும் சோதனை வந்துள்ளது. பைலினிலேயே இம்மருந்தாற் கிருமிகள் மெல்ல மெல்லவே மறைவது 2009ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பின்னர் ருவாண்டா, உகாண்டா முதலிய நாடுகளிலும் அத்தகைய கிருமிகள் தனியே தோன்றியுள்ளன. கூட்டு மருந்தின் ஒரு துணை தளர்ந்தால் மற்றைத் துணையின் மேற் பாரம் முழுதும் விழும்.

மருந்து ஒருவருக்கே உரிய பொருளன்று. ஊர்ப் பொதுக்குளம் போன்றது. ஒருவர் செய்யும் அசட்டை, அவர் பெயரும் அறியாத குழந்தையொன்றின் உயிரைத் தொலைவிற் பறித்தல் கூடும். வைத்தியராகவும் ஆசிரியராகவும் வெளிச்செல்லவிருக்கும் மாணவ நண்பர்கள், இரத்தத்தைச் சோதித்தறிந்தபின்னரே மருந்து கொடுத்தல், கொடுத்ததை முழுதும் உண்ணச் செய்தல், கொசுவைத் தடுத்தல் ஆகிய மூன்றையும் தாம் செல்லும் ஊர்தோறும் எடுத்துரைப்பாராக. சுரம் தணிந்த மூன்றாம் நாள் மாடத்தில் ஒதுக்கிவைக்கப்படும் எஞ்சிய மாத்திரை இரண்டும் நோயாளிக்கு அற்பமாய்த் தோன்றலாம். கிருமிக்கோ அவையே வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட எல்லையாம்.