ஒரே மேக்ரோ எல்லாக் கணக்குக்கும்



விலைச்சிட்டை, கொள்முதல், இருப்பு என்று நம் கடைகளில் கணக்குத்தாள்கள் பல உண்டு. ஜி.எஸ்.டி. வரி கணக்கிடும் மேக்ரோவை ஒவ்வொன்றிலும் நகல் எடுத்து ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. சிங்கப்பூரில் அவ்வரி 2023 ஜனவரி முதல் தேதி நூற்றுக்கு 7லிருந்து 8 ஆயிற்று. 2024 ஜனவரி முதல் தேதி 9 ஆயிற்று. ஐந்து நகல் இருந்தால் ஐந்தையும் திருத்தவேண்டும். ஒன்றை மறந்தாலும் வித்தியாசத்தை நம் கையிலிருந்தே கட்ட நேரும். ஆகவே, ஓரிடத்தில் எழுதி எங்கும் உபயோகிக்கும் முறையை லிப்ரே ஆபீஸ் கால்க் கொண்டு அறிவோம்.

1. அமைப்பு: 'மை மேக்ரோஸ்' என்பது ஓர் அலமாரி. லைப்ரரி அதில் ஒரு தட்டு. மாட்யூல் தட்டிலுள்ள ஏடு. ஃபங்ஷன் ஏட்டில் எழுதிய கணக்கு முறை. ஒவ்வொரு கணக்குத்தாளுக்கும் இதுபோன்ற சொந்த அலமாரியும் உண்டு.

2. அழைத்தல்: ஒரே லைப்ரரியின் மாட்யூல்கள் ஒன்றிலுள்ள ஃபங்ஷனை மற்றொன்று பெயர் சொல்லி அழைக்கலாம். இரு மாட்யூல்களில் ஒரே பெயர் இருப்பின், மாட்யூல் பெயரை முன்னிட்டுப் புள்ளி வைத்து எழுதுக.

3. திறத்தல்: 'ஸ்டாண்டர்டு' லைப்ரரி தானே திறந்துகொள்ளும். மற்றவற்றை நாம் திறக்கவேண்டும். 'மை மேக்ரோஸ்' அலமாரியிலுள்ளதை அழைக்குமுன், கணக்குத்தாளின் மேக்ரோவில் 'குளோபல்ஸ்கோப்.பேசிக்லைப்ரரீஸ்.லோட்லைப்ரரி' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் மேற்கோளிட்டு லைப்ரரியின் பெயரைத் தருக. கட்டத்தில் சூத்திரமாக வரும் ஃபங்ஷனை ஸ்டாண்டர்டிலேயே வைப்பது நலம். திறவாத லைப்ரரியில் இருந்தால் பெயர் தெரியவில்லை என்ற பிழைக்குறியே தோன்றும்.

4. அனுப்புதல்: 'மை மேக்ரோஸ்' நம் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும், கணக்கருக்கு அனுப்பும் தாளோடு போகாது. ஆர்கனைசரில் 'இம்போர்ட்' மூலம் லைப்ரரியைத் தாளுக்குள் சேர்த்து அனுப்புக. 'ரெஃபரன்ஸ்' என்பதைக் குறித்தால் இணைப்பு மட்டுமே சேரும். அதைக் குறிக்காது விடுக. சேர்த்தது தனி நகல் ஆதலால், மூலத்தைத் திருத்தினால் அதையும் புதுப்பிக்கவேண்டும்.

5. முக்கிய எச்சரிக்கை: ஒரே ஃபங்ஷன் எல்லாத் தாளுக்கும் பொதுவாகையால், அதில் 8ஐ அழித்து 9 என்று எழுதினால், மறுபடி கணக்கிடும்போது 2023ஆம் ஆண்டுப் பட்டியல்களும் மாறிப்போகும். ஆதலின் தொகையுடன் தேதியையும் ஃபங்ஷனுக்குக் கொடுத்து, தேதிக்கேற்ற விகிதத்தை அதுவே தேர்ந்தெடுக்கும்படி எழுதுக.

பயிற்சி: நூறு வெள்ளிக்கு 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் 31ஆம் தேதிகளைக் கொடுத்துப் பாருங்கள். முறையே 7, 8, 9 வெள்ளி வந்தால் உங்கள் ஃபங்ஷன் சரியானதே. அதன் பிறகு பழைய நகல்களை ஒவ்வொன்றாக நீக்கிவிடலாம்.