வானைக் காத்த உடன்படிக்கை

நுழையும்முன்

ஒரு கண்டுபிடிப்பு நன்மையையும் தீமையையும் ஒருசேரக் கொண்டுவரக்கூடும். அதன் தீமையை உரிய காலத்தில் உணர்வது சிந்தனையின் பணி. உணர்ந்ததைச் சட்டமாக்கிச் செயற்படுத்துவது ஆட்சியின் பணி. தொழில்நுட்பமும் சிந்தனையும் ஆட்சியும் இணைந்து உலகின் எதிர்காலத்தை மாற்றியமைத்த வரலாறு ஒன்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

புவியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் வரையிலான உயரத்தில் ஓசோன் வாயு மிகுதியாகப் பரவியுள்ளது. மூன்று ஆக்சிஜன் அணுக்கள் இணைந்து உருவாகும் இவ்வாயு, கதிரவனிடமிருந்து வரும் தீங்குமிக்க புற ஊதாக் கதிர்களின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. வளிமண்டலத்திலுள்ள ஓசோன் முழுவதையும் திரட்டிக் கடல்மட்ட அழுத்தத்தில் தரைமீது பரப்பினால், அதன் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர் அளவே இருக்கும். அம்மெல்லிய காப்பு குன்றினால் தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும். பயிர்களும் கடல்வாழ் நுண்ணுயிர்களும் பாதிப்புறும். 20ஆம் நூற்றாண்டில் மனிதர் தம்மை அறியாமலே இக்காப்பைச் சிதைக்கத் தொடங்கினர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் அச்சிதைவைத் தடுக்கவும் முனைந்தனர்.

நன்மைக்கெனப் பிறந்த வேதிப்பொருள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா, சல்பர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு முதலிய வாயுக்கள் பயன்பட்டன. இவை கசிந்தால் வீட்டில் இருப்போரின் உயிருக்கே தீங்கு நேரும் நிலை இருந்தது. இக்குறையைப் போக்க, அமெரிக்க அறிஞர் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய குழுவினரும் 1928-இல் குளோரோ புளோரோ கார்பன் வகைச் சேர்மத்தைக் குளிரூட்டியாகப் பயன்படுத்தும் வழியைக் கண்டனர். அது நச்சற்றது, தீப்பற்றாதது என்பதை மெய்ப்பிக்க, 1930-இல் அறிஞர்கள் கூடிய அவையில் மிட்ஜ்லி அவ்வாயுவைத் தாமே மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவத்தியின்மீது ஊதி அதனை அணைத்துக் காட்டினார்.

பிற பொருள்களோடு எளிதில் வினைபுரியாத நிலைத்தன்மையே இச்சேர்மத்தின் சிறப்பாகப் போற்றப்பட்டது. குளிர்பதனப் பெட்டி, குளிர்சாதனம், நறுமணத் தெளிப்பான், நுரைப்பஞ்சு எனப் பலவற்றின் உற்பத்தியில் அது இடம்பெற்றது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அதனை ஐயுற்றவர் இலர்.

ஒரு வினாவின் வலிமை

1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்து அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக், அட்லாண்டிக் பெருங்கடலில் மேற்கொண்ட கப்பல் பயணத்தின்போது, தொழிற்சாலைகளுக்கு நெடுந்தொலைவிலுள்ள காற்றிலும் குளோரோ புளோரோ கார்பன் கலந்திருப்பதை அளந்தறிந்தார். இச்செய்தியை அறிந்த கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷெர்வுட் ரோலண்டின் உள்ளத்தில் எளிய வினா ஒன்று எழுந்தது. எதனோடும் வினைபுரியாத இவ்வாயு இறுதியில் எங்கே செல்கிறது?

ரோலண்டும் மெக்சிகோவைச் சேர்ந்த இளம் ஆய்வாளர் மரியோ மோலினாவும் அதற்கு விடை தேடினர். தாழ்ந்த வளிமண்டலத்தில் சிதையாத அவ்வாயு, மெல்ல மெல்ல மேலேறி ஓசோன் படலத்தை அடைகிறது. அங்கே புற ஊதாக் கதிர்களால் உடைந்து குளோரின் அணுக்களை வெளியிடுகிறது. ஒரு குளோரின் அணு பல்லாயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க வல்லது என்று 1974-இல் அவர்கள் அறிவித்தனர். நிலத்தில் நன்மை தந்த நிலைத்தன்மையே வானில் கேடாக மாறியது.

அக்கருத்தைத் தொழில்துறையினர் பலர் எதிர்த்தனர். ஓசோன் குறைந்ததற்கான நேரடிச் சான்று அப்போது இல்லை என்பது உண்மையே. ஆயினும், நுகர்வோர் பலர் தெளிப்பான்களை வாங்குவதைத் தவிர்த்தனர். அமெரிக்கா 1978-இல் தெளிப்பான்களில் இவ்வாயுவைப் பயன்படுத்துவதற்குத் தடைவிதித்தது. பிற பயன்பாடுகளோ தொடர்ந்து பெருகின.

தெரியுமா?

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்திரன் ராமநாதன், தொடக்கத்தில் குளிர்பதனப் பெட்டி நிறுவனம் ஒன்றில் பொறியாளராகப் பணியாற்றினார். பின்னர் அமெரிக்காவில் ஆய்வு மேற்கொண்ட அவர், குளோரோ புளோரோ கார்பன்கள் ஓசோனைச் சிதைப்பதோடு, கார்பன் டை ஆக்சைடைவிடப் பன்மடங்கு வலிமையுடன் புவியை வெப்பமாக்கவும் வல்லவை என்பதை 1975-இல் வெளிப்படுத்தினார்.

தென்முனையில் தெரிந்த உண்மை

அண்டார்டிகாவிலுள்ள ஹாலி ஆய்வு நிலையத்தில் பிரித்தானிய ஆய்வாளர்கள் 1957 முதல் ஓசோன் அளவைத் தொடர்ந்து பதிவுசெய்து வந்தனர். பெரும்பயன் எதுவும் உடனடியாகத் தெரியாதபோதும் அப்பணி ஆண்டுதோறும் நடைபெற்றது. அப்பொறுமைக்கு 1985-இல் பயன் கிட்டியது. அப்பகுதியின் வசந்த காலத்தில் ஓசோன் அளவு பெரிதும் குறைந்துவருவதை ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்லின் ஆகியோர் அவ்வாண்டு வெளிப்படுத்தினர். உலகம் அதனை ஓசோன் ஓட்டை என்று அழைத்தது. அமெரிக்க அறிவியலாளர் சூசன் சாலமன் தலைமையிலான குழுவினர் 1986, 1987ஆம் ஆண்டுகளில் அண்டார்டிகாவில் ஆய்வுநடத்தி, அதன் காரணத்தை அறிவதற்கான சான்றுகளைத் திரட்டினர்.

முழுச்சான்றுக்கு முன்பே பிறந்த முடிவு

ஓசோன் ஓட்டையின் காரணம் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்படும்வரை உலக நாடுகள் காத்திருக்கவில்லை. 1987 செப்டம்பர் 16 அன்று கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 24 நாடுகள் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவராக இருந்த எகிப்து அறிவியலாளர் முஸ்தபா டோல்பா அதற்கான பேச்சுவார்த்தைகளை முன்னின்று நடத்தினார்.

குளோரோ புளோரோ கார்பன் பயன்பாட்டைப் படிப்படியாகப் பாதியாகக் குறைப்பதே அவ்வுடன்படிக்கையின் தொடக்க இலக்கு. ஆனால், புதிய அறிவியல் சான்றுகளுக்கேற்ப இலக்கைத் திருத்திக்கொள்ள அதில் இடமளிக்கப்பட்டிருந்தது. அவ்வழியில் 1990-இல் இலண்டனிலும் 1992-இல் கோபன்ஹேகனிலும் கூடிய நாடுகள், முழுமையாகக் கைவிடுதல் என இலக்கை உயர்த்தின. கால வரம்பையும் முன்னோக்கி நகர்த்தின. சட்டம் நாள் குறித்தபின், மாற்றுப்பொருள்களைத் தேடும் தொழில்நுட்பமும் விரைவு பெற்றது.

சமநீதி தந்த ஒற்றுமை

வானம் பொதுவானது, ஆனால், அதனைக் கெடுத்ததில் அனைவரின் பங்கும் சமமானதன்று. குளோரோ புளோரோ கார்பனை மிகுதியாகப் பயன்படுத்தியவை செல்வ நாடுகளே. குளிர்பதனப் பெட்டி பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாத நிலையில், அதே கட்டுப்பாட்டை ஏற்பது நேர்மையாகாது என்று இந்தியா, சீனா முதலிய நாடுகள் வாதிட்டன. மாற்றுத் தொழில்நுட்பத்திற்கு மாறும் செலவை ஈடுசெய்ய நிதியுதவி வேண்டும் என்றும் வலியுறுத்தின.

அவ்வாதத்தின் நியாயம் ஏற்கப்பட்டது. வளரும் நாடுகளுக்கு உதவப் பலதரப்பு நிதியம் 1990-இல் இலண்டன் கூட்டத்தில் உருவாக்கப்பட்டது; கூடுதல் கால அவகாசமும் அவற்றிற்கு உண்டு. இந்தியா 1992-இல் உடன்படிக்கையில் இணைந்தது. 2009-க்குள் ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்பு நாடுகள் அனைத்தும் அதனை ஏற்றுக்கொண்டன. நீதி இல்லாத இடத்தில் ஒற்றுமை நிலைக்காது என்பதை ஆட்சியாளர்கள் உணர்ந்ததே இவ்வெற்றிக்கு வழிவகுத்தது.

விளைவும் விழிப்பும்

ஓசோனைச் சிதைக்கும் பொருள்களில் ஏறத்தாழ 99 விழுக்காடு இன்று கைவிடப்பட்டுவிட்டது. இப்போதைய நடவடிக்கைகள் தொடர்ந்தால், உலகின் பெரும்பகுதியில் ஓசோன் படலம் 2040-ஐ ஒட்டியும், அண்டார்டிகாவில் 2066-ஐ ஒட்டியும் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என்று 2023-இல் அறிவியலாளர்கள் அறிவித்தனர். முன்னர் வெளியேறிய வாயுக்கள் பல பத்தாண்டுகள் வானில் தங்கியிருப்பதே இத்தாமதத்திற்குக் காரணம்.

வெற்றி விழிப்பை வேண்டாததாக்கிவிடவில்லை. மாற்றாக வந்த ஹைட்ரோ புளோரோ கார்பன்கள் ஓசோனைச் சிதைப்பதில்லை எனினும், புவியை வெப்பமாக்குபவை. எனவே, அவற்றையும் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் உடன்பாடு காணப்பட்டது. தடைசெய்யப்பட்ட ஒரு வகைக் குளோரோ புளோரோ கார்பன் காற்றில் எதிர்பார்த்த அளவு குறையாததை 2018-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கிழக்காசியாவிலிருந்து அது வெளியேறுவது தெரியவந்து, பின்னர்க் கட்டுப்படுத்தப்பட்டது. சட்டம் இயற்றப்படுவதோடு கடமை முடிவதில்லை. இடையறாத அளவீடும் கண்காணிப்புமே அதற்கு உயிர் தருகின்றன.

இவ்வாயுக்களைக் கட்டுப்படுத்தாமல் விட்டிருந்தால் 2065-க்குள் ஓசோனில் மூன்றில் இரு பங்கு அழிந்திருக்கும் என்று 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று கணித்தது. நிகழாத அப்பேரழிவைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. வந்த துன்பத்தைத் துடைத்தவரை உலகம் எளிதில் அறியும். வரவிருந்த துன்பத்தைத் தடுத்தவரை எளிதில் மறக்கும். கண்டுபிடிப்பின் பெருமிதத்திற்கு நடுவே வினா எழுப்பியவர், பனிவெளியில் ஆண்டுக்கணக்கில் அளந்தவர், ஐயம் முற்றும் தீருமுன்பே கையொப்பமிடத் துணிந்தவர் ஆகிய அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த எதிர்காலமே, இன்றைய தலைமுறையின் நிகழ்காலம். புவி வெப்பமாதலை எதிர்கொள்ளும் இத்தலைமுறையும் அவ்வாறே அடுத்த தலைமுறையின் நிகழ்காலத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. “நிலத்தில் நன்மை தந்த நிலைத்தன்மையே வானில் கேடாக மாறியது” – இக்கூற்றை விளக்கி ஒரு பத்தி எழுதுக.

2. பொதுவான ஓர் இடர்ப்பாட்டைத் தீர்ப்பதில் அனைவருக்கும் ஒரே விதி பொருந்துமா? பாடக் கருத்துகளைக் கொண்டு வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.