ஆண்டுக் கட்டணமில்லாத கார்டுகள்: எங்கே எதை நீட்டுவது



ஆண்டுக் கட்டணமே இல்லாத கிரெடிட் கார்டை வங்கிக்காரர்கள் ‘லைஃப்டைம் ஃப்ரீ’ என்பார்கள். இதன் சாயலில் இன்னும் இரண்டு வகை உண்டு. ஒன்று, முதல் ஆண்டு மட்டும் இலவசம். மற்றொன்று, ஆண்டுக்கு இவ்வளவு செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி. இந்தக் கடைசி வகையிடம்தான் எச்சரிக்கை வேண்டும். 2 லட்சம் செலவழித்தால் 999 ரூபாய் தள்ளுபடி என்றிருக்கும் கார்டு, ஆண்டு முடியும் நேரத்தில் 15,000 குறைகிறதே என்று வேண்டாத பொருள் ஒன்றை வாங்க வைத்துவிடும். இரண்டு மூன்று கார்டுகளைச் சேர்த்து வைத்துக்கொள்ள நினைப்பவருக்குக் கட்டணமே இல்லாதவைதான் பொருத்தம். மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தாலும் அவை செலவு வைப்பதில்லை.

எல்லா இடத்திலும் நல்ல சலுகை தரும் ஒரே கார்டு என்று ஒன்று கிடையாது. அதனால் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு வேலை என்று பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2018-இல் வந்த அமேசான் பே ஐ.சி.ஐ.சி.ஐ. கார்டு இதற்கு எளிய உதாரணம். பிரைம் உறுப்பினர் அமேசானில் வாங்கினால் 5 சதவீதம், மற்றவர் வாங்கினால் 3 சதவீதம் திரும்ப வரும். வெளிக்கடைகளில் பெரும்பாலும் 1 சதவீதம். திரும்ப வரும் பணம் வங்கிக் கணக்குக்குப் போகாது, அமேசான் பே இருப்பாக வரும். அமேசானில் எப்படியும் சோப்பும் அரிசியும் வாங்குகிறவருக்கு அது பணம்தான்; வாங்காதவருக்கு அந்தக் கார்டால் பெரிய பயனில்லை.

இரண்டாவது வேலை, தெருக்கடைச் செலவு. 2022 செப்டம்பரில் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைக்க வழி வந்தது. விசா, மாஸ்டர்கார்டு வைத்து இப்படிச் செய்ய முடியாது. மளிகைக் கடையில் க்யூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்ததும், அது வியாபாரக் கணக்காகப் பதிவானதென்றால் பணம் எடுக்கும் வழிகளில் கார்டும் தெரியும். கடைக்காரர் தன் சொந்தக் கணக்கின் க்யூ.ஆரை ஒட்டி வைத்திருந்தால் கார்டு செல்லாது, வங்கிக் கணக்கு மட்டுமே செல்லும். நண்பருக்குப் பணம் அனுப்பவும் கார்டு உதவாது. ஆகவே தேர்ந்தெடுக்கும் இரண்டாவது கார்டு ரூபேயாக இருப்பது நல்லது. விசா, ரூபே போன்ற கார்டுப் பிணையங்களில் ஒன்றில் கோளாறு வந்தாலும் மற்றதில் பில் கட்டிவிடலாம் என்பது கூடுதல் வசதி. மூன்றாவது கார்டு பெரும்பாலோருக்குத் தேவைப்படுவதில்லை.

எந்தச் செலவுக்கு என்ன சலுகை என்பதைப் பையில் இருக்கும் பொருள் தீர்மானிப்பதில்லை. கடைக்கு வங்கி கொடுத்திருக்கும் நான்கு இலக்கக் குறியீடு தீர்மானிக்கிறது. மளிகை, சூப்பர் மார்க்கெட்டுக்கு 5411, பெட்ரோல் பங்குக்கு 5541, உணவகத்துக்கு 5812, வாலெட்டில் பணம் ஏற்றுவதற்கு 6540. அதே துவரம்பருப்பை டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்று 5311-இல் பதிவான பெரிய கடையில் வாங்கினால் மளிகைச் சலுகை கிடைக்காமல் போகலாம். வாடகை, பெட்ரோல், வாலெட், அரசுக் கட்டணங்கள், இ.எம்.ஐ. ஆகியவற்றுக்குப் பல கார்டுகளில் ஒன்றும் கிடையாது. கார்டு வாங்கும் முன் படிக்க வேண்டியது விளம்பரத்தை அல்ல, இந்த விலக்குப் பட்டியலை.

பாயிண்ட் தரும் கார்டுகளில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ‘100 ரூபாய்க்கு 2 பாயிண்ட்’ என்பது கேட்க 2 சதவீதம் போலிருக்கும். ஒரு பாயிண்டுக்கு 25 பைசா மதிப்பென்றால் அது அரை சதவீதம்தான். ‘ஒவ்வொரு 150 ரூபாய்க்கும்’ என்றிருந்தால் 290 ரூபாய் பில்லில் 150-க்கு மட்டுமே பாயிண்ட் விழும், மீதி 140 கணக்கில் வராது. சில வங்கிகள் பாயிண்டைப் பணமாக்கவே தனிக் கட்டணம் பிடிக்கின்றன. சிறிய சம்பளக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் திரும்பும் கார்டுதான் மேல். அதில் ஏமாற இடம் குறைவு.

இனி லாபம் எவ்வளவு என்று பார்க்கலாம். மாதம் 17,000 ரூபாய் கார்டில் செலவு என்று வைத்துக்கொள்வோம். அமேசானில் 4,000-க்கு 5 சதவீதம், 200 ரூபாய். மளிகை, மருந்து, உணவகம் என்று மீதி 13,000-க்கு 1 சதவீதம், 130 ரூபாய். ஆக 330. எல்லாவற்றையும் 1 சதவீதக் கார்டு ஒன்றிலேயே போட்டிருந்தால் 170 வந்திருக்கும். சேர்க்கையால் கிடைத்த கூடுதல் 160 ரூபாய், ஆண்டுக்கு 1,920. நல்ல தொகைதான், ஒரு சிறு குடும்பத்துக்குத் தீபாவளித் துணியில் ஒரு பங்கு. ஆனால் அதே 17,000 ரூபாய் பில்லில் 16,000 கட்டி 1,000 பாக்கி வைத்தால் என்ன ஆகும்? பாக்கி ஆயிரத்துக்கு மட்டும் வட்டி என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக, முழுத் தொகையும் கட்டாவிட்டால் வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகையே போய்விடும். வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய தேதியிலிருந்து வட்டி ஓடும். மாதம் 3.5 சதவீதம் என்றால் 17,000-க்கு ஒரு மாத வட்டி 595, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ஏறக்குறைய 700. நான்கு மாதத்துக்கும் மேல் சேர்த்த கூடுதல் ஒரே மாதத்தில் கரைந்துவிடும். போதாததற்கு, அடுத்த மாதம் வாங்குபவற்றுக்கும் வாங்கிய அன்றே வட்டி தொடங்கும்.

பில்லில் ‘மினிமம் டியூ’ என்று போட்டிருக்கும் சிறு தொகை தாமதக் கட்டணத்திலிருந்து மட்டுமே காக்கும், வட்டியிலிருந்து அல்ல. எனவே ஆட்டோ பே வசதியில் ‘டோட்டல் டியூ’ என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு கார்டு வைத்திருப்பவர் தடுமாறும் இடம் தேதிகள். பில் தேதியை ஒரு முறையேனும் மாற்றிக்கொள்ளும் உரிமையை ரிசர்வ் வங்கி கார்டு வைத்திருப்பவருக்குத் தந்திருக்கிறது. மாதம் 1-ஆம் தேதி சம்பளம் வருபவர் இரண்டு கார்டின் பில்லையும் 14-ஆம் தேதி வாக்கில் வைத்துக்கொண்டால், 20 நாள் அவகாசத்தோடு கடைசித் தேதி பெரும்பாலும் 3 அல்லது 4 என்று அமையும். சம்பளம் கையிலிருக்கும்போதே இரண்டும் தீர்ந்துவிடும். யு.பி.ஐ.யில் கார்டை இணைத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 20 ரூபாய், 40 ரூபாய் என்று போவது மனத்தில் நிற்காது. வாரம் ஒரு முறையாவது ஆப்பைத் திறந்து இதுவரை எவ்வளவு என்று பார்ப்பவர்தான் இந்த வசதிக்கு ஏற்றவர்.

இரண்டு கார்டுக்கும் ஒரே மாதத்தில் விண்ணப்பிப்பது தவறு. ஒவ்வொரு விண்ணப்பமும் சிபில் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதியும். முதல் கார்டை ஆறு மாதமாவது ஒழுங்காகக் கட்டிய பிறகு அடுத்ததைக் கேட்கலாம். கடன் வரலாறே இல்லாததால் மறுக்கப்படுபவர், வங்கி வைப்புத்தொகையை ஈடாக வைத்துத் தரும் கார்டில் தொடங்கலாம். மொத்த வரம்பில் 30 சதவீதத்துக்குள் செலவு நிற்பது சிபில் மதிப்பெண்ணுக்கு நல்லது. பழைய கார்டைக் கைவிடாமல் வைத்திருப்பதும் அப்படியே. கட்டணமில்லாத கார்டின் பெரிய நன்மை, என் கருத்தில், சலுகையைவிட, இப்படிச் செலவில்லாமல் நெடுநாள் வைத்திருக்க முடிவதுதான். ஆனால் ஓராண்டுக்கு மேல் தொடாமல் கிடந்தால், வங்கி தகவல் அனுப்பி, 30 நாளில் பதில் வராவிட்டால் கார்டை மூடிவிடலாம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை ஒரு சிறு பில்லை அதில் போட்டு வைத்தால் போதும்.

வேண்டாத கார்டை, பாக்கி முழுவதையும் கட்டிவிட்டு எழுத்து மூலம் மூடச் சொல்ல வேண்டும். 7 வேலை நாட்களுக்குள் வங்கி மூடியாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மூடும் முன் பாயிண்டை எடுத்துவிட்டு, ஆட்டோ பேயில் போகும் மின்கட்டணம், ஓ.டி.டி. சந்தாக்களை வேறு கார்டுக்கு மாற்றி, பாக்கியில்லை என்ற கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.