மேசைப்பந்து மட்டை தெரிதல்

மேசைப்பந்தாட்டத்தில் வேகமே வெற்றியெனக் கருதும் வழக்கம் நம் மாணவரிடை மிகுந்துள்ளது. சென்னைச் சரத் கமல் 2006-இல் மெல்போர்னிலும் 2022-இல் பர்மிங்காமிலும் காமன்வெல்த் ஒற்றையர் பொற்பதக்கம் பெற்றமை கண்டு, அத்தகையோர் கைக்கே அடங்கும் விறைப்பான மட்டைகளைத் தாமும் நாடுகின்றனர். அவர்தம் பல்லாண்டுப் பயிற்சியோ கடையில் விலைக்கு வாராது.

மட்டையின் உயிர், ரப்பருக்குள் மறைந்துள்ள பலகையே. விதிப்படி அதன் தடிப்பில் நூற்றுக்கு 85 பங்கேனும் இயற்கை மரமாதல் வேண்டும். ஒட்டுப்பசை அடுக்கிற் கார்பன் இழை சேர்க்கலாம். அவ்விழை பலகையை விறைப்பாக்கும். பந்தும் விரைந்து மீளும். ஆயின் கைக்கு எட்டும் உணர்வு குன்றும். மெல்லிய மரத்தகடுகள் ஐந்தினை ஒட்டிய பலகையோ சிறிது வளைந்து கொடுக்கும். அதன் அதிர்வு கைப்பிடி வழியே வந்து, பந்து எவ்விடத்திற் பட்டது, எத்துணை வலிதிற் பட்டது என்பவற்றை ஆடுவோனுக்கு உணர்த்தும். அவ்வுணர்வின்றிப் பந்தினை வயப்படுத்தல் அரிது. ஆதலின் தொடக்கத்தார்க்கு ஐந்தடுக்கு மரப்பலகையே தக்கதென்பது எம் துணிபு.

எடை 85 கிராம் அளவிற்றாயின் சாலும், 2.7 கிராம் நிறையுள்ள பந்தினை அடித்தற்குச் சம்மட்டி எதற்கு? கைப்பிடியையும் பற்றிப் பார்த்தே கொள்க. மேலொட்டும் ரப்பரின் பஞ்சு மெல்லிதாதல் நன்று. தடித்த பஞ்சு, பலகை தந்த நிதானத்தைப் பறித்துவிடும்.