அன்னக்கிளியும் எங்களூர்க் கேட்போரும்

கொல்லி மலைக்கு உரியவனான வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று (152) உண்டு. பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியில் வருகிறது. ஒரே அம்பால் யானை முதல் உடும்பு வரை வீழ்த்திய வேட்டுவன் ஒருவனைக் காண்கிறது. விறலியை விளித்துப் பாட்டெடுக்க, மற்றையோர் கருவிகளை இசைக்க, அவன் மகிழ்ந்து மான் ஊனும் பொன்னும் மணியும் அளிக்கிறான். அவனே ஓரி. இப்பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ஓரியின் பெயர் நமக்குத் தெரியும். புலவர் பெயரும் தெரியும். அன்று காட்டில் உடன் வந்த அந்த விறலியின் பெயர் என்ன? அது பாட்டில் இல்லை.

இந்த ஐயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, நம் காலத்துக்கு அண்மையதான ஓர் இசைத்தட்டைப் பற்றி இங்கே காண்போம். 1976 மே மாதம் வெளிவந்த 'அன்னக்கிளி' திரைப்படத்தின் பாடல்களே அவை. பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் 1943-இல் பிறந்த இளையராஜாவுக்கு இசையமைப்பாளர் என்ற முறையில் அதுவே முதல் படம். தேவராஜ்–மோகன் இயக்கம், பஞ்சு அருணாசலத்தின் பாடல்கள், நடிப்பு சிவகுமார், சுஜாதா. கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆயினும் மக்கள் அதை முதலில் காதால் கேட்டார்கள். பிறகுதான் கண்ணால் பார்த்தார்கள்.

இசையமைப்பாளரின் அண்ணனிடமிருந்து தொடங்குவதே முறை. பாவலர் வரதராசன் தாமே பாட்டுக் கட்டித் தாமே பாடியவர். பொதுவுடைமைக் கட்சி மேடைகளே அவர் அரங்கு. 1958-இல் கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரிடையே அவர் பாடிய பாட்டுகள் கட்சியின் வெற்றிக்குப் பெரிதும் துணைநின்றன என்பது பலரும் அறிந்த செய்தி. தம்பியர் பாஸ்கர், ராசையா, அமரன் மூவரும் அந்தக் குழுவில் வளர்ந்தவர்களே. நாட்டு மெட்டும் திரைப்பட மெட்டும் அவர்கள் கையில் அன்றைய அரசியல் பாட்டாக மாறும். இன்று இவ்வூர்ப் பண்ணையாரைக் கேலி செய்த அடி, நாளை அடுத்த ஊரில் வேறாகிவிடும். அத்தகைய பாட்டை எந்தத் தட்டில் பதிப்பது? அன்று அவர் பாடியபோது இருந்தவாறே அவற்றை இனி நாம் கேட்க வழியில்லை. 'அன்னக்கிளி' வெளிவருமுன்பே அவர் மறைந்தும் போனார்.

தம்பியர் 1968-இல் சென்னைக்குப் புறப்பட்டபோது, தாயார் சின்னத்தாய் வீட்டு வானொலிப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்றுப் பணம் கொடுத்தார் என்பதை இளையராஜாவே மேடைகளில் சொல்லியிருக்கிறார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசைப் பயிற்சி, ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, கிட்டார் வாசிப்பு. கதாசிரியர் ஆர். செல்வராஜ் அவரைப் பஞ்சு அருணாசலத்திடம் அழைத்துச் சென்றார். வாத்தியம் ஏதும் இல்லாமல் மேசையில் தாளம் தட்டி அவர் பாடிக்காட்டிய மெட்டுகளே வாய்ப்பைத் தந்தன. ஏ. எம். ராஜா என்றொருவர் முன்னரே இருந்ததால் 'இளைய' என்னும் அடை சேர்ந்தது. முதல் ஒலிப்பதிவு தொடங்கும் வேளையில் மின்சாரம் நின்றதையும், அதை அபசகுனம் என்று சிலர் முணுமுணுத்ததையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

நாட்டுப்புற மெட்டு திரைப்படத்துக்கு வந்தது இவரால்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. 1957-இல் 'மக்களைப் பெற்ற மகராசி' படத்தில் மருதகாசி எழுதி, கே. வி. மகாதேவன் இசையமைத்து, டி. எம். சௌந்தரராஜன் பாடிய மணப்பாறை மாட்டுப் பாட்டை எந்த உழவன் மறந்தான்? அப்படியானால் 'அன்னக்கிளி'யில் புதுமை என்ன? மெட்டு வயல்வெளியைச் சேர்ந்தது; அதன் அடியில் ஓடும் கிட்டாரும் வயலின் கூட்டமும் மேலை இசை இலக்கணத்தைச் சேர்ந்தவை. இரண்டும் ஒன்றையொன்று நெருக்காமல் நின்றன. எஸ். ஜானகியின் குரல் தேர்ந்த பாடகியின் குரல்தான். எனினும் கேட்பவர் அதில் தம் வீட்டுப் பெண்ணின் குரலைக் கேட்டனர். தலைப்புப் பாடல் இருமுறை வருகிறது, ஒருமுறை ஜானகி, ஒருமுறை சௌந்தரராஜன். பி. சுசீலாவுக்கும் ஒரு பாடல் உண்டு.

இனி எங்களூர்க் கதை. காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் உள்ளது. அன்று நாங்கள் சேலம் மாவட்டத்தினர். 1976-இல் நான் எட்டாம் வகுப்பு மாணவன். கல்யாணமோ காதுகுத்தோ, முதல் நாளே ரேடியோ செட்டுக்காரர் வந்து பந்தல் மூங்கிலில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிடுவார். முதலில் பிள்ளையார் பாட்டு, அடுத்துச் சீர்காழி, பிறகு 'அன்னக்கிளி'. மலையிலிருந்து பலாவும் வாழைத்தாரும் சுமந்து இறங்கியவர்கள் சுமையை இறக்கி வைத்துவிட்டு நின்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் அந்தச் சிறு தட்டு அளவுக்கு மீறித் தேய்ந்து, ஓரிடத்தில் முள் துள்ளும். பாதி அடி இருமுறை வரும். எங்களூர்ப் பிள்ளைகள் அந்தத் துள்ளலையும் சேர்த்தே பாட்டைக் கற்றுக்கொண்டோம். நாமக்கல்லில் படம் பார்த்தபோது அந்த அடி ஒருமுறைதான் வந்தது. ஏதோ குறைந்ததுபோல் இருந்தது எனக்கு.

என் பெரியம்மா நாற்று நடவில் பாட்டெடுத்துக் கொடுப்பவர். முதன்முதலில் கேட்டவுடன் அவர் சொன்னது: "இதென்ன கண்ணு, நாம நாத்து நடறப்பப் பாடறதாட்டவே இருக்குது! யாராச்சும் இங்க வந்து கேட்டுட்டுப் போயிருப்பாங்களோ?" குற்றச்சாட்டு அன்று அது, பெருமைதான். தம் பாட்டு பட்டணத்துக்குப் போய்வந்தது என்ற பெருமை.

ஆனால் நாற்று நடவுப் பாட்டுக்கும் தட்டில் வந்த பாட்டுக்கும் வேறுபாடு உண்டு. தட்டின் பாட்டு நான்கு நிமிடத்தளவில் முடிந்தாக வேண்டும். நடவுப் பாட்டு வயல் முடியும்போதுதான் முடியும். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் வாங்கிப் பாடுவர். குனிந்து நாற்றை ஊன்றும் கையசைவே தாளம். நெல் குத்தும் பாட்டில் இரண்டு உலக்கை மாறி மாறி விழும் இடைவெளியே அடியின் நீளம். மூச்சு வாங்கினால் பாட்டும் நிற்கும். படத்திலும் நெல் குத்தும் பாட்டு ஒன்று உண்டு, அழகான பாட்டு. ஆயினும் அதில் யாருக்கும் மூச்சு வாங்குவதில்லை.

அமெரிக்க நாட்டிலும் இத்தகைய கதை நடந்திருக்கிறது. 1927-இல் ரால்ஃப் பியர் என்பவர் பிரிஸ்டல் என்ற மலைநாட்டு ஊரில் ஒலிப்பதிவுக் கருவிகளுடன் வந்து இறங்கினார். கார்ட்டர் குடும்பத்தார் அங்கே ஆறு பாட்டுகள் பதித்தனர். பிற்காலத்தில் 'கண்ட்ரி' இசை எனப் பெயர்பெற்ற வகைக்கு அதுவே தொடக்கம் என்பர். பின்னர் ஏ. பி. கார்ட்டர் மலையூர் தோறும் சென்று பாட்டுத் திரட்டினார். அவருடன் சென்ற லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கிட்டார்க் கலைஞர் மெட்டை நினைவில் இருத்திக்கொள்ள, கார்ட்டர் சொல்லை எழுதிக்கொண்டார். தட்டில் அச்சான பெயர் கார்ட்டருடையது. ரிடில் பெயர் நெடுங்காலம் கழித்தே வெளியே தெரிந்தது. பாடிக்கொடுத்த வீட்டுப் பெண்கள் பலரின் பெயர் இன்றுவரை தெரியவில்லை.

நம்மிடையே பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய நாட்டுப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 'மலையருவி'யாகப் பதிப்பித்தார். நா. வானமாமலை தமிழர் நாட்டுப் பாடல்களைத் தொகுத்தார். அவர்கள் பணிக்குத் தமிழுலகம் என்றும் கடன்பட்டது. எனினும் ஏட்டில் ஏறியது சொல் மட்டுமே. மெட்டு எங்கே? மெட்டைக் காத்தது, நாம் ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும், திரைப்பட இசைத்தட்டுதான். இளையராஜாவைப் பழித்து எழுதுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் எடுத்துக்கொண்டது தம் தாயிடமும் ஊராரிடமும் கேட்டதை. அது அவர் சொத்தும்தான். அந்தத் தட்டின் மறுவிளைவு வேறு. ஒலிபெருக்கி வந்தபின் எங்களூர்ப் பெண்கள் கல்யாணத்தில் பாடுவதை விட்டார்கள். ஜானகி பாடும்போது நாம் எதற்கு என்ற கூச்சம். வானொலியும் பின்னர் ஒலிநாடாவும் வீட்டுக்குள் வந்தன. நடவுக்காரர்கள் குறைந்தனர், எங்கள் பக்கம் நெல் வயல் பல குச்சிக்கிழங்குக் காடாயிற்று. கிழங்குக் குச்சி ஊன்றுவதற்குப் பாட்டு கிடையாது.

பெரியம்மா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் பாட்டை நான் எழுதி வைக்கவில்லை. தமிழ் படித்து, நாட்டுப்புற இலக்கியம் நடத்தி ஓய்வுபெற்ற நான் இதைச் சொல்ல வெட்கப்படத்தான் வேண்டும். சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவர் மகளிடம், என் அக்காளிடம், கைபேசியை முன்னே வைத்து, "அம்மா பாடற நாத்துப் பாட்டு நெனப்பு இருக்குதா அக்கா?" என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். பிறகு கையைத் தரையில் மெல்லத் தட்டித் தொடங்கினார். முதலடி பெரியம்மாவுடையதேதான், அந்த இழுப்பு வேறு எங்கும் நான் கேட்டதில்லை. இரண்டாம் அடியில் மெட்டு வழுவி 'அன்னக்கிளி'க்குள் போயிற்று. அக்காளுக்கு அது தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தட்டில் முள் துள்ளிய அந்தப் பாதியடியையும் இருமுறை பாடி, இறுதிவரை பாடி முடித்தார்.